ஒல்லிக் குழாயில் ஃப்ளை: கட்டியது பதினேழு, தேறியது நான்கு

போன குளிர்காலத்தில் நான் கட்டிய குழாய் ஃப்ளைகள் மொத்தம் பதினேழு. ஆற்றில் இறக்கலாம் என்று தேறியவை நான்கு. மீதிப் பதின்மூன்றையும் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டு, என்ன தப்பு என்று சின்னச் சின்னச் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவில் அதிகம் வரப்போவது அந்தப் பதின்மூன்றுதான்.

முதலில், குழாய் ஃப்ளை என்றால் என்ன? தூண்டில் என்றால் முள், முள்ளில் இரை என்றுதான் பழக்கம். ஃப்ளை என்பது முள்மேல் கட்டும் பொய் இரை: இறகு, முடி, ஜரிகை, நூல், அவ்வளவுதான். சால்மன், கடல் டிரவுட் மீன்களுக்கு இந்தப் பொய் இரை பல சமயம் இரண்டு மூன்று அங்குலம் இருக்க வேண்டும். அதற்காக நீளமான முள் போட்டால் வினை அங்கேதான். மீன் தலையை உதறும்போது நீண்ட முள்தண்டு நெம்புகோலாகிவிடும். குத்திய இடம் பிய்ந்து முள் கழன்றுகொள்ளும்.

குழாய் ஃப்ளையில் அந்தத் தண்டே கிடையாது. முடியையும் இறகையும் ஒரு மெல்லிய குழாயின் மேல் கட்டுகிறோம். தூண்டில் நரம்பை, அதாவது நைலான் இழையை, குழாய்க்குள் நுழைத்து, மறுமுனையில் குட்டையான முள்ளை முடிச்சுப் போட்டு, முள்ளின் காதை குழாயின் வாலில் செருகிவிட வேண்டும். மீன் மாட்டியதும் முள் வாலிலிருந்து கழன்றுவிடும், குழாய் நரம்பில் மேலே ஏறிவிடும். மீன் வாயில் இருப்பது சின்ன முள் மட்டும். பல்லில் சிக்கி ஃப்ளை குதறப்படாது. முள் மழுங்கினாலும் முள்ளை மட்டும் மாற்றினால் போதும்.

இது பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் என்பார்கள். 1945 வாக்கில் அங்கே ப்ளேஃபேர் என்ற நிறுவனத்தில் ஃப்ளை கட்டிக்கொண்டிருந்த மொராவ்ஸ்கி என்ற பெண்மணி, வான்கோழி இறகின் காம்பைக் குழலாக வெட்டி அதன்மேல் கட்டினார். அதைப் பார்த்த ஒரு மருத்துவர், ஆஸ்பத்திரியில் பயன்படும் பிளாஸ்டிக் குழாயில் கட்டலாமே என்று யோசனை சொன்னாராம். நானும் பயபக்தியோடு ஒரு வாத்து இறகுக் காம்பில் ஆரம்பித்தேன். நூலை இறுக்கிய மூன்றாவது சுற்றில் காம்பு நீளவாக்கில் பிளந்தது. டப்பாவில் முதலில் குடியேறியது அதுதான்.

சரி, ஏன் ஒல்லி? அதற்கு முந்தைய வருடம் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுக்கு நான் கொண்டுபோனவை எல்லாம் வழக்கமான குழாய்கள்: வெளிவிட்டம் 3 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. சால்மன் பிடிக்க வருகிறவர்களுக்கு ஆற்றைக் காட்டி உதவுகிறவரை அங்கே கில்லி என்பார்கள். கில்லி-தாண்டுக்கும் அதற்கும் உறவு கிடையாது. கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்று பொருள். எனக்கு வாய்த்த 'பையனுக்கு' எழுபது வயதுக்கு மேல். என் பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஒரு ஃப்ளையை எடுத்து ஆற்றில் நனைத்து, பிழிந்து, என் உள்ளங்கையில் வைத்தார். "நனைந்த பிறகும் குண்டாகவே இருக்கிறதே. இது பாட்டில் கழுவுகிற பிரஷ்" என்றார். அன்று முழுக்க ஒன்றும் மாட்டவில்லை. அதற்கு ஃப்ளைதான் காரணம் என்று சொல்ல முடியாது, சால்மன் பிடிக்கப் போனால் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். ஆனாலும் அந்த பிரஷ் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விட்டம் அளக்கும் காலிப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 3 மி.மீ. குழாயின் சுற்றளவு 9.4 மி.மீ. நான் புதிதாக வாங்கிய ஒல்லிக் குழாய் 1.8 மி.மீ.; அதன் சுற்றளவு 5.7 மி.மீ.தான். குழாயைச் சுற்றி முடி ஒரே அடர்த்தியாக நிற்க வேண்டுமென்றால், தடித்ததற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் முடி வேண்டும். அவ்வளவு முடியைப் பிடித்து நிறுத்த நூல் அதிகம், நூலை மூட வார்னிஷ் அதிகம். குண்டு குண்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

எடைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 25 மி.மீ. நீளத்துக்குத் தடித்த பித்தளைக் குழாய் சுமார் 0.83 கிராம். வெளிவிட்டம் 1.8, உள்விட்டம் 1.2 உள்ள ஒல்லிப் பித்தளைக் குழாய் சுமார் 0.3 கிராம். இங்கேதான் எனக்கு இடித்தது. ஒல்லிக் குழாய் வேகமாக மூழ்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெறும் குழாயை மட்டும் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. எடை மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகக் குறைந்திருக்கிறது, தண்ணீரைத் தடுக்கும் அகலம் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து இரண்டு வெறும் குழாய்களையும் ஒன்றாக விட்டேன். தடித்ததுதான் முதலில் தரையைத் தட்டியது. பிறகு இரண்டிலும் முடி கட்டி விட்டேன். ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. தடித்ததின் கூடுதல் எடையை அதன்மேல் இருந்த கூடுதல் முடியே தின்றுவிட்டது. அதாவது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடையிலேயே ஒல்லி அதே ஆழத்துக்குப் போகிறது. வீசும்போது காதருகே கல் பறப்பது போன்ற பயமும் இல்லை, தண்ணீரில் பொத்தென்று விழுவதும் இல்லை. ஒல்லியின் லாபம் இதுதான். ஆனால் முடியைக் குறைத்தால்தான் இந்த லாபம்.

இனி பட்டறைக்குப் போவோம்.

கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கிதான் வைஸ். அதில் முள்ளைக் கவ்வுவது போலக் குழாயைக் கவ்வ முடியாது, நசுங்கிவிடும். குழாய்க்குள் ஒரு ஊசியை நுழைத்து, ஊசியை வைஸில் பிடிக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் ஊசிகள் என் குழாய்க்குப் பருமனாக இருந்தன. ஒரு கோணி ஊசியின் காதை வெட்டிவிட்டு, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அடுத்த தொல்லை: நூலை இறுக்கினால் குழாய் ஊசிமேல் கூடவே சுற்றியது. கட்டியதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகில் இருக்க வேண்டிய முடி விலாவுக்கு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இப்படிப் போயின. ஊசியோடு ஒரு துண்டு நைலான் நரம்பையும் சேர்த்துக் குழாய்க்குள் செருகினேன். ஆப்பு வைத்தது போலக் குழாய் அசையாமல் நின்றது. முடிந்ததும் நரம்பை முதலில் இழுத்தால் குழாய் தானாகக் கழன்று வந்துவிடும்.

குழாயின் முன்முனையில் ஒரு சின்ன விளிம்பு வேண்டும், இல்லாவிட்டால் தலை முன்பக்கமாக வழுக்கி உருவிக்கொள்ளும். லைட்டர் தீயின் ஓரத்தில், தீக்குள் அல்ல, முனையைக் காட்டினால் பிளாஸ்டிக் தானே சுருங்கி விளிம்பு கட்டும். ஊசி உள்ளேயே இருக்கட்டும். எடுத்துவிட்டுச் சூடுகாட்டினால் துளை மூடிக்கொள்ளும். நாலாவது அப்படித்தான் போயிற்று. சில ஒல்லிக் குழாய்கள் டெஃப்லான் வகை. அதற்குத் தீ காட்டவே கூடாது: ஒழுங்காக விளிம்பும் வராது, அளவுக்கு மேல் சூடானால் வரும் புகை நஞ்சு. எந்தக் குழாய் என்று தெரியாவிட்டால் லைட்டரைத் தொடாமல், முன்முனையில் பசைத்துளி வைத்து நூலாலேயே ஒரு மேடு கட்டிவிடலாம்.

இப்போது தலை. ஒல்லிக் குழாய் வாங்கிவிட்டால் ஃப்ளை ஒல்லியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஐந்து முதல் ஒன்பது வரை கட்டியவை எல்லாம் ஒல்லிக் குழாயில் உட்கார்ந்த குண்டுத் தலைகள். ஒன்றை அளந்தால் 4.6 மி.மீ. குழாய் 1.8, தலை 4.6! கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்ட தீக்குச்சி மாதிரி இருந்தது. தண்ணீரில் இழுத்தால் தலைக்குப் பின்னால் சுழல் உண்டாகி, முடி படியாமல் படபடத்தது.

ஒன்றை நூல் நூலாக அவிழ்த்துச் சுற்றுகளை எண்ணினேன். எழுபத்திரண்டு. பயத்தில் சுற்றியவை. முடி கழன்றுவிடுமோ என்று இன்னும் நாலு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஆறு. இருபது போதும் என்பது பிறகு தெரிந்தது. எண்ணிக்கையைக் குறைக்க மூன்று வேலைகள் உதவின.

நூல்கண்டைத் தாங்கும் பாபினை இடஞ்சுழியாகச் சுழற்றிவிட்டால் நூலின் முறுக்கு அவிழ்ந்து நாடா போலத் தட்டையாகும். வலக்கையால் கட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும். முறுக்கிய நூல் கயிறு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். தட்டை நூல் கட்டு போட்ட துணி மாதிரி படிந்து போகும். ஒரு மில்லிமீட்டர் இங்கேயே போய்விட்டது.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டுவதை நிறுத்தினேன். முதல் முடிக்கற்றை பின்னால், அடுத்தது ஒரு நூலிழை முன்னால், கடைசி இறகு அதற்கும் முன்னால். வெட்டிய அடிமுனைகளைக் கத்தரியால் நேராக நறுக்காமல் சாய்வாக நறுக்கினேன். நேராக நறுக்கினால் படிக்கட்டு வரும். படிக்கட்டை நிரவ மறுபடி நூல் வேண்டும்.

மூன்றாவது வேலை கொஞ்சம் தைரியம் கேட்டது. ஒரு கற்றையை நாலு சுற்றில் இறுக்கியதும், அந்தச் சுற்றுகளில் கடைசி இரண்டை அவிழ்த்துவிட்டு அடுத்ததைக் கட்டுவது. முதல் தடவை கை நடுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. பத்தாவது ஃப்ளையின் தலை 2.9 மி.மீ. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தேய்க்க வரச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்களாம், எனக்குக் காதில் விழவில்லை.

முடிக்கு வருவோம். என் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஆர்க்டிக் நரி முடியும் ஆட்டு முடியும். நரி முடியில் நீண்ட மேல்முடியும், அடியில் பஞ்சு போன்ற குட்டை முடியும் கலந்திருக்கும். பஞ்சை அப்படியே விட்டுக் கட்டினால் உலர்ந்திருக்கும்போது பார்க்க அழகு. அழகில் மயங்கிப் பத்தாவதைக் கொண்டுபோய் வாளியில் விட்டால், பஞ்சுக்குள் காற்று சிக்கி மிதந்தது. பேன் சீப்பால் பஞ்சை முழுக்க வாரி எடுத்துவிட்டுப் பதினொன்றைக் கட்டினேன். நனைந்ததும் முடி குழாயோடு ஒட்டி ஈர்க்குச்சியாகிவிட்டது. உயிரே இல்லை. பஞ்சில் நாலில் மூன்று பங்கை வாரி எடுத்துவிட்டு, கால் பங்கை விட்டுவைப்பதே சரி. அந்தக் கால் பங்கு மேல்முடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். தண்ணீர் அழுத்தும்போது படிந்து, விடும்போது விரிந்து, ஃப்ளை மூச்சு விடுவது மாதிரி இருக்கும்.

அடுக்கு இப்படி: முதலில் விறைப்பான மான்வால் முடி பத்துப் பன்னிரண்டு இழை, குழாயை விடச் சற்றே நீளமாக. இது முட்டுக்கொடுக்கத்தான். அதன்மேல் நரி முடி, இன்னும் நீளமாக. மினுக்கு இழை மூன்று, அதற்கு மேல் போட்டால் கல்யாண மண்டபம். மேலே மயில் தோகையின் இழை இரண்டு. உடம்பில் தட்டை வெள்ளி ஜரிகை ஒரே ஒரு அடுக்கு. போய்த் திரும்பி வரும்படி இரண்டு அடுக்கு சுற்றுவது தடித்த குழாய்ப் பழக்கம்; ஒல்லியில் அது வேண்டாம்.

நிறம் பற்றி ஆளாளுக்கு ஒரு வேதம் உண்டு. நான் மூன்றோடு நின்றுவிட்டேன். கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் கலந்த வில்லி கன். இந்தக் கலவைக்கு ஸ்காட்லாந்தின் ப்ரோரா ஆற்றுப் பக்கத்து எஸ்டேட் காவலர் ஒருவரின் பெயர். இரவில் கடல் டிரவுட்டுக்குக் கறுப்பும் வெள்ளியும். தண்ணீர் குறைந்து தெளிந்திருக்கும்போது சன்ரே ஷேடோ சாயலில் நீளமான கறுப்பு. ரே ப்ரூக்ஸ் உருவாக்கிய சன்ரே ஷேடோ முதலில் கொலபஸ் குரங்கின் முடியில் கட்டப்பட்டதாம். இப்போது ஆட்டு முடியே தாராளம். ஒல்லியாகக் கட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஃப்ளை இல்லை. அதில் கட்டுவதற்கே ஒன்றும் கிடையாது.

பன்னிரண்டாவதைக் கெடுத்தது வார்னிஷ். தலைக்கு ஒரு துளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தலை நூலில் ஊறிய வார்னிஷ் விளிம்பைத் தாண்டித் துளைக்குள் இறங்கி, ஊசியையும் குழாயையும் ஒன்றாக்கியிருந்தது. இழுத்த இழுப்பில் ஊசி வந்தது, உடம்பு ஜரிகையும் கூடவே வந்தது. இப்போது ஊசிமேல் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்துவிட்டுத்தான் குழாயை ஏற்றுகிறேன். வார்னிஷையும் புட்டியின் பிரஷ்ஷால் தடவாமல், இன்னொரு ஊசி முனையில் தொட்டு வைக்கிறேன். காய்ந்ததும் துளைக்குள் நரம்பை விட்டுப் பார்க்காமல் எந்த ஃப்ளையும் பெட்டிக்குப் போவதில்லை. ஆற்றங்கரையில் இருட்டில் நரம்பு நுழையாத குழாயோடு மல்லுக்கட்டிப் பார்த்தால் புரியும்.

உலோகக் குழாய்களில் அலுமினியத்தையும் பித்தளையையும் முயன்றேன். அலுமினியம் நல்ல நடுவாந்தரம், அடர்த்தி 2.7தான், பித்தளையில் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. உலோகத்தை நேரே நரம்பில் போடக்கூடாது. வெட்டிய விளிம்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நரம்பை அரம் போல அறுக்கும். உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். பதின்மூன்றாவதில் இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டேன். வீட்டுத் தோட்டத்தில் வீசிப் பழகும்போதே நரம்பு அறுந்து ஃப்ளை வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. தேடி எடுத்து டப்பாவில் போட்டேன்.

கடைசியாக வால், அதாவது முள்ளும் குழாயும் சேரும் இடம். ஒரு சென்டிமீட்டர் சிலிக்கான் குழாயைப் பாதி ஃப்ளையின் வாலில் ஏற்றி, மறுபாதிக்குள் முள்ளின் காதைச் செருகுவது வழக்கம். முள்ளின் காது நேராக இருக்க வேண்டும்; கீழ்நோக்கி வளைந்த காது என்றால் முள் கோணலாக நிற்கும், ஃப்ளை சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். பதினாலாவதில் சிலிக்கான் அவ்வளவு இறுக்கம், கையால் இழுத்தே முள் வரவில்லை. கழலாத முள் என்றால் குழாய் எதற்கு? பதினைந்தாவதில் தளர்வு; வீசும் வேகத்திலேயே முள் கழன்று தொங்கியது. விரலால் லேசாக இழுத்தால் வர வேண்டும், காற்றில் உதறினால் வரக்கூடாது. இதைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பதினாறிலும் பதினேழிலும் அது கைகூடியது. பிறகு பதினாலையும் பதினைந்தையும் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை, சிலிக்கானை மட்டும் மாற்றினேன். தேறிய நான்கு இவைதான்.

குளியல் தொட்டியில் ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் ஒழுங்காக நீந்தின. தொட்டியை நம்பலாம், ஓரளவு. அங்கே வீச்சு கிடையாது.

ஜூன் மாதம் ஸ்பே ஆற்றுக்குப் போனேன், க்ரான்டவுன் பக்கம். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் அரசாங்கத் தூண்டில் லைசென்ஸ் கிடையாது. ஆனால் சால்மன், கடல் டிரவுட் பிடிக்கும் உரிமை நிலம் போலத் தனிச்சொத்து. உரிமை உள்ளவரிடம் எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் இறங்கினால் குற்றம். அதனால் நாள் சீட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இவற்றுக்குத் தூண்டில் போடக் கூடாது, அது சட்டம். ஏப்ரல் 1க்கு முன் மாட்டும் சால்மனைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும். பிந்தைய மாதங்களிலும் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் 2023இல் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு விடுவதா வைத்துக்கொள்வதா என்று எனக்கும் குழப்பம் இல்லை. முள் நுனிக்கு அருகே பின்நோக்கி நிற்கும் குட்டிக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் போகிறேன்.

கடல் டிரவுட் வேறு மீன் அல்ல, ஆற்றின் பழுப்பு டிரவுட்டேதான். கடலுக்குப் போய்த் தின்று கொழுத்துத் திரும்பியதற்கு அந்தப் பெயர். மகா கூச்ச சுபாவம். தெளிந்த தண்ணீரில் பகலில் கிட்டே வராது. ஜூனில் வட ஸ்காட்லாந்தில் பத்து மணிக்குத்தான் சூரியன் விழும், அதன் பிறகும் வடக்கே ஒரு வெளிச்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். கரையில் இருக்கும் மரங்களின் நிறம் தெரியாமல் போகும் வரை காத்திருந்து, பதினொன்றரைக்கு இறங்கினேன். கறுப்பும் வெள்ளியும், 1.8 மி.மீ. பிளாஸ்டிக் குழாய், 10ஆம் எண் இருமுனை முள்.

குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, ஓட்டம் ஃப்ளையை வளைத்துக் கரைக்குக் கொண்டுவரும்போது இடக்கையால் நரம்பை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். முதல் அரை மணியில் நாலு தடவை 'டக்' என்று தட்டியது. ஒன்றும் மாட்டவில்லை. விளக்கை ஆற்றுக்கு முதுகு காட்டிப் போட்டுப் பார்த்தேன். முடி முள்ளைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தது, நுனி முள்ளைச் சுற்றிக்கொண்டும் இருந்தது. தொட்டியில் தெரியாதது வீச்சில் தெரிந்தது. மீன் கடித்ததெல்லாம் முடி நுனியைத்தான்.

கத்தரியால் நுனியை வெட்டினால் தூரிகை போல மொண்ணையாகிவிடும். அதற்குப் பதில் நீளமான இழைகளை மட்டும் விரலால் பிடித்துப் பிடுங்கினேன். சிலிக்கானைக் கழற்றிவிட்டு, முள்ளைக் குழாயில் செருகாமல், வாலுக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும்படி ஒரு வளைய முடிச்சில் கட்டினேன். முடிச்சு குழாய்க்குள் நுழையாத பருமனில் இருந்தால் அதுவே தடுத்து நிறுத்தும். இருட்டில், நடுங்கும் விரலில், இதற்கே இருபது நிமிடம். ஒல்லிக் குழாய் என்றால் துளையும் ஒல்லி என்பதைக் கட்டும்போது நினைக்கவில்லை.

மூன்றாவது வீச்சில் வந்தது. தட்டல் இல்லை, யாரோ நரம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது போல. இரண்டு முறை தண்ணீருக்கு மேல் குதித்த சத்தம் கேட்டது, பார்க்க முடியவில்லை. வலைக்குள் வந்தபோது முக்கால் கிலோ இருக்கலாம், புது அலுமினியப் பாத்திரம் போலப் பளபளப்பு. முள் வாயின் ஓரத்தில், ஃப்ளை நரம்பில் ஒரு முழம் மேலே. வலை தண்ணீரிலேயே இருக்க, குறடால் முள்ளை எடுத்தேன். தானே நழுவிப் போயிற்று. அன்றிரவு இன்னும் இரண்டு மாட்டின, இரண்டும் ஃபின்னக். முதல் தடவை கடலிலிருந்து திரும்பும் சின்னக் கடல் டிரவுட்டுக்கு அங்கே அந்தப் பெயர்.

சால்மன் கதை செப்டம்பரில். ஸ்பேயில் பருவம் செப்டம்பர் 30இல் முடிகிறது, அதற்குப் பத்து நாள் இருந்தது. மழை பெய்து ஆறு ஒரு சாண் ஏறி, தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை வில்லி கன் நிறத்தில் 25 மி.மீ. ஒல்லிப் பித்தளை, 8ஆம் எண் இருமுனை முள், சிலிக்கானில் செருகியது. அதே கில்லிப் பெரியவர் கரையில் உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு வந்த சால்மன் தின்பதில்லை. ஃப்ளையை ஏன் கவ்வுகிறது என்று கேட்டதற்கு, "அதனிடமே கேள்" என்றார். கவ்வினால் கோலைத் தூக்காதே, அது திரும்பட்டும் என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

நான்காவது மணி நேரத்தில் நரம்பு நடுவழியில் நின்றது. பாறை என்று நினைத்தேன். பாறை நகர்ந்தது. கோலைத் தூக்காமல் நின்றதுதான் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம். ரீல் ஒரு நீண்ட கூச்சல் போட்டது, பிறகு தலை உதறல்கள், கனமாக, விட்டு விட்டு. தடித்த நீள முள்ளாக இருந்தால் இங்கேதான் போயிருக்கும் என்று ஒவ்வொரு உதறலுக்கும் நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் வலைக்கு வந்தது இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு கிரில்ஸ், ஒரே ஒரு குளிர்காலத்தைக் கடலில் கழித்துவிட்டு வரும் இளம் சால்மன். பெரியவர் தண்ணீருக்குள்ளேயே அதன் வாலைப் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராக நிறுத்திவைத்தார். வால் ஒருமுறை பலமாக அடித்தது. அவர் கையைத் திறந்தார்.

முள்ளின் ஒரு முனை நன்றாக நிமிர்ந்து போயிருந்தது. இன்னொரு உதறல் தாங்கியிருக்காது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புது முள்ளை எடுப்பதற்குள், பெரியவர் ஃப்ளையை நரம்பிலிருந்து உருவிக்கொண்டார். ஆற்றில் நனைத்தார், பிழிந்தார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பாட்டில், பிரஷ் என்று எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போலத் தொப்பியில் குத்திக்கொள்ளப் போனார். குழாயில்தான் முள் இல்லையே, குத்த வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு தீக்குச்சியை அதன் துளைக்குள் செருகப் பார்த்தார். துளை ஒல்லி, நுழையவில்லை. கடைசியில் பேனாக்கத்தியால் குச்சியைச் சீவி, செருகி, தொப்பிப் பட்டையில் நிறுத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆக, பெட்டியில் இப்போது மூன்று.